பத்தாவது பாய்ச்சல்காரன்

எங்கள் பயிற்சியாளர் வெண்டெல் க்ரூபா ஒருவனைத் திட்டுவதென்றால் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் திட்டுவார். நடைக்கூடம் முழுக்கக் கேட்க வேண்டும் அவருக்கு. கதவைச் சாத்தச் சொன்னால் பாராட்டப் போகிறார் என்று அர்த்தம். மூன்று வருடங்களாக அவர் என்னிடம் பேசியதெல்லாம் சாத்திய கதவுக்குப் பின்னால்தான்.

அந்த வியாழக்கிழமையும் சாத்தச் சொன்னார்.

"உக்காரு, கோர்லிஸ்."

உட்கார்ந்தேன். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்த வெள்ளைப் பலகையில் மில்ஹேவன் அமெரிக்கக் கால்பந்து அணியின் தற்காப்பு முன்வரிசை காந்தப் பட்டைகளாக ஒட்டியிருந்தது. ஒன்பது பெயர்கள் வரிசையாக இருந்தன. பத்தாவது என்னுடையது. அது பலகையின் கீழ் மூலையில், பேனா வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. துடைப்பவர்கள் கை பட்டுப் பட்டு 'டேட்' என்ற என் பெயரின் பாதி அழிந்துபோயிருந்தது.

"சனிக்கிழமை கடைசி ஒத்திகை ஆட்டம். நாலாவது கால்பகுதில உன்ன எறக்குறேன். நேரா போய் முட்டு. வேற ஒண்ணும் வேணாம்."

"குனிவு?"

"அத மட்டும் வெளிய காட்டினே, உன் கால நானே ஒடிச்சிருவேன்," என்றார். அவர் வாயிலிருந்து வந்த மிக அன்பான வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

எங்கள் வேலை சொல்வதற்கு எளிது. எதிரணியின் குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவன்மேல் பாய்ந்து அவனைச் சாய்க்க வேண்டும். இரண்டரை விநாடி கிடைக்கும். நடுவில் அவனைக் காக்க டேக்கிள் என்று ஒருவன் நிற்பான். முன்னூற்று முப்பது பவுண்டு, குளிர்பதனப் பெட்டிக்குக் கை முளைத்த மாதிரி. அவனை முட்டித் தள்ளலாம், சுற்றி ஓடலாம். நான் செய்வது வேறு. ஓடி வந்து, அவன் நெஞ்சில் குத்தப் போகிறவனைப் போல ஒரு கையை நீட்டுவேன். அவன் அதைப் பிடிக்க இரண்டு கைகளையும் எறிவான். அதற்குள் நான் அவன் அக்குளுக்குக் கீழே போயிருப்பேன். அவன் கையில் காற்றுதான் மிஞ்சும்.

இதை எந்தப் பயிற்சியாளரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆர்கன்சாவில் நெடுஞ்சாலை ஓரத்து விடுதி ஒன்றில் என் அம்மா படுக்கை விரிப்புகள் வெளுத்தாள். பின்பக்கத்தில் ஆறு கொடிக் கயிறுகள். நானும் தம்பியும் துரத்தி விளையாடுவோம். ஈர விரிப்பில் தலை பட்டால் முதுகில் ஒரு சாத்து விழும். எட்டு வயதுக்குள் வேகம் குறையாமல் முழங்கால் உயரத்துக்குக் குனிந்து ஓடக் கற்றுக்கொண்டேன்.

முதல் வருடம் க்ரூபா அதைப் பார்த்தபோது வாயிலிருந்த சூயிங்கத்தை விழுங்கிவிட்டார். உடனே சுற்றுமுற்றும் பார்த்து, "கேமரா ஓடுதா?" என்று கேட்டார். ஓடவில்லை. அன்றிலிருந்து ஆரம்பித்தது என் ஒளிவு வாழ்க்கை.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. நான் வருவதற்கு முந்தைய டிசம்பரில் அவரிடம் பாய்ச்சல்காரர்கள் நான்கே பேர். இரண்டு பேருக்குக் கணுக்கால் போயிருந்தது. மீதி இருவரும் நான்காவது கால்பகுதியில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரணிக் குவார்ட்டர்பேக் கடைசி இரண்டு நிமிடத்தில் எண்பது கஜம் நகர்ந்தான். பல் குத்திக்கொண்டே எறிந்திருக்கலாம், அவன் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. க்ரூபாவுக்கு அந்த ஆட்டம் இன்னும் தொண்டையில் நிற்கிறது. சூடு கண்ட பூனை அவர். "கையிருப்பு இல்லாதவன் டிசம்பர்ல அழுவான்" என்பதை ஒரு நாளைக்கு இருபது முறையாவது சொல்லுவார்.

கையிருப்பு சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அணிப் பட்டியலில் ஐம்பத்து மூன்று பேருக்குத்தான் இடம். அதில் முன்வரிசைக்கு ஒன்பது. பத்தாவது ஆளைப் பட்டியலிலிருந்து நீக்கி ஒரு நாள் தெருவில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். மறுநாள் நண்பகல் வரை மற்ற முப்பத்தொரு அணிகளில் யார் வேண்டுமானாலும் அவனை எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டால் நம் அணியே அவனைப் பயிற்சிக் குழுவுக்குத் திரும்பக் கூப்பிடலாம். ஆகவே நல்ல சரக்கைத் தெருவில் வைக்கும்போது மேலே ஒரு கிழிந்த சாக்கைப் போட்டு மூடி வைக்க வேண்டும். எல்லா அணிகளும் செய்வதுதான். க்ரூபா மற்றவர்களைவிடக் கவனமாகச் செய்தார்.

அதனால் ஒத்திகை ஆட்டங்களில் முட்டுவதோடு சரி. ரசிகர்கள் கைபேசியோடு வேடிக்கை பார்க்கும் முகாம் நாட்களிலும் முட்டு மட்டும்தான். வியாழக்கிழமை மாலைகளில் மட்டும், கேமரா இல்லாத சாமான் கொட்டகைக்குள், நண்பர்களுக்கு எதிராக நான் குனியலாம். பருவம் தொடங்கிவிட்டால் பயிற்சிக் குழுவின் வேலை வேறு. வாராவாரம் எதிரணியின் பெரிய பாய்ச்சல்காரன் எவனோ, அவனுடைய எண் போட்ட சிவப்பு மேல்பனியனைப் போட்டுக்கொண்டு அவனைப் போல ஆட வேண்டும். நம் டேக்கிள்கள் என்னை அவனாக நினைத்துப் பழகுவார்கள். மூன்று வருடத்தில் ஐம்பது பேராக இருந்திருக்கிறேன். கோர்லிஸ் டேட் என்ற நானாகவே ஆடிய வீடியோ படம் என்று எடுத்தால், ஒரு மனிதன் சுவரில் போய் முட்டிக்கொள்வதுதான் திரும்பத் திரும்ப வரும்.

வரிசையில் எனக்கு வைத்த பெயரே 'கையிருப்பு'தான்.

"கோச், எனக்கு இருபத்தெட்டு ஆயிருச்சு," என்றேன்.

"தெரியும்."

"மொத வருஷம் அக்டோபர்ல மேல ஏத்துறேன்னீங்க. ரெண்டாவது வருஷமும், மூணாவது வருஷமும் அக்டோபர்னீங்க."

"எவனுக்கும் அடிபடலையே, நான் என்ன செய்ய? நானே போய் ஒருத்தன் கால மிதிக்கவா? ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்."

"பழைய மேனேஜருக்கு என்னத் தெரியும். புது ஆளுகிட்ட சொன்னீங்களா?"

க்ரூபா பலகையைத் திரும்பிப் பார்த்தார். "நேரம் வரும்போது சொல்றேன்."

அணிப் பட்டியலை முடிவு செய்பவர் மேனேஜர்தான்; பழையவரை ஜனவரியில் அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்த ஹாஸ்கின்ஸ் மெலிந்த, மரியாதையான மனிதர். எல்லாரிடமும் கைகுலுக்குவார், எவர் சொல்வதையும் நம்பமாட்டார். படம்தான் அவருக்கு வேதம். படத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பவர். அவர் என் மூன்று வருடப் படத்தைப் போட்டுப் பார்த்திருப்பார்.

அன்று மாலை கைபேசியில் ஆர்லீனிடம் பேசினேன். என் மனைவி ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நாற்பது பிள்ளைகளின் சத்தத்தை அடக்கிப் பழகியதால் குரலை உயர்த்தவே மாட்டாள்.

"மறுபடியும் ஒளிஞ்சுக்கச் சொல்றாரா?"

"ம்."

"ஒருத்தர் ஒளிச்சு வைக்கிறார்னா பெருமையாத்தான் இருக்கும், கோர்லிஸ். ஆனா உன்ன வேற யாரும் தேடலையே. ஒளிஞ்சிருக்கிறவனத் தேட ஆள் வேணாமா?"

"இந்த வருஷம் பட்டியல்ல வரலைன்னா வந்துர்றேன். சொன்னேன்ல."

"சொன்னே," என்றாள். "கிடங்குல எங்க அண்ணன் உனக்கு ஒரு வேலை பிடிச்சு வச்சிருக்கான். செப்டம்பர் வரைக்கும் வச்சிருக்கேன்னான்."

ஒரு முறை, ஒரே ஒரு முறை என் பெயர் அந்த ஐம்பத்து மூன்றில் இருக்க வேண்டும். என் எண்ணோடு, என் உடம்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட வேண்டும். இதைவிடப் பெரிதாக எனக்கு ஆசை எதுவும் இல்லை. கிடங்கில் பெட்டி தூக்க எனக்கு வெட்கமில்லை. நான் யாரென்று ஒருவருக்கும் தெரியாமல் போய்த் தூக்குவதுதான் கசந்தது.

சனிக்கிழமை காலையில் மழை பெய்து விட்டிருந்தது. பகல் ஒரு மணி ஆட்டம். நான்காவது கால்பகுதி வந்தபோது மைதானத்தில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். எஞ்சியவர்கள் சோளப்பொரி சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். க்ரூபா என் முதுகில் தட்டினார். "முட்டு," என்றார்.

முட்டினேன். எதிரே நின்றவன் முப்பதைத் தாண்டிய டேக்கிள், மூக்கு இரண்டு முறை உடைந்து ஒட்டியவன். ஐந்து தடவை நேராகப் போய் அவன் நெஞ்சில் விழுந்தேன். ஐந்து தடவையும் என்னை வாசலில் வந்த விற்பனையாளனைப் போல நிறுத்தி வைத்தான். ஆறாவது தடவைக்கு முன்னால், கைமுட்டியைத் தரையில் ஊன்றியபடி சிரித்தான்.

"நேத்து உன் படம் பாத்தேன், தம்பி. மூணு வருஷமா இதே முட்டுதானா? போரடிக்கல?"

நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். வீட்ல சாப்பாடெல்லாம் போடுறாங்களா இதுக்கு?"

என் அம்மாவை, ஆர்லீனை, கொட்டகையின் வியாழக்கிழமைகளை எல்லாம் சேர்த்து அவன் மிதித்தான் என்றுதான் எனக்குத் தோன்றியது. பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. கிழிந்த சாக்கைப் பார்த்தான், சாக்கு என்றான். ஆனால் எனக்குக் காது சூடேறிவிட்டது.

பந்து நகர்ந்தது. மூன்று எட்டு எடுத்து வைத்தேன். கையை நீட்டினேன். அவன் இரண்டு கைகளையும் எறிந்தான். நான் குனிந்தேன்.

அவன் கைகள் என் தலைக்கு மேலே ஒன்றையொன்று அறைந்துகொண்ட சத்தம் இன்னும் கேட்கிறது. பிடி கிடைக்காமல் முன்னால் சரிந்தான். சரிந்த பிறகுதான் அவன் கால் ஈரப் புல்லில் வழுக்கியது. கை முதலில், கால் பிறகு. குவார்ட்டர்பேக் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக் கீழே போட்டேன். மூன்று வருடம் கழித்து மூச்சு விட்டது போலிருந்தது.

ஒன்பதாவது இடத்தில் இருந்த கெலி ஃபொனுவா, சால்ட் லேக்கிலிருந்து வந்த டோங்கா இளைஞன், ஓடி வந்து என் தலைக்கவசத்தோடு தன் தலைக்கவசத்தை முட்டினான். "கையிருப்பு வெளிய வந்துருச்சுடா," என்றான். க்ரூபா தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவதைப் போலப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

அன்று மாலை உள்ளூர்த் தொலைக்காட்சியில் அந்த டேக்கிள் ஐஸ் பையை முழங்காலில் கட்டிக்கொண்டு பேசினான். "புல்லு ஈரம். கால் வழுக்கிருச்சு. வேற ஒண்ணுமில்ல," என்றான். வேறென்ன சொல்லுவான்? மூன்று வருடம் முட்டிக்கொண்டே இருந்தவனிடம் ஏமாந்தேன் என்று எந்த மனிதன் ஒப்புக்கொள்வான்?

செவ்வாய்க்கிழமை பட்டியல் முடிவாகும் நாள். அன்று காலை உடைமாற்றும் அறையில் ஒருவரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். பிரென்டிஸ் என்று ஒரு பையன், அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். அவன்தான் எமதூதன். நல்ல பிள்ளை. ஆனால் அவன் யார் பக்கத்தில் வந்து நின்றாலும் அந்த ஆள் கதை முடிந்தது. பத்தரைக்கு என் அலமாரிப் பக்கம் வந்தான்.

"மிஸ்டர் டேட், மேனேஜர் கூப்பிடுறார். டேப்லெட்டையும் எடுத்துட்டு வரச் சொன்னார்."

ஆட்டத் திட்டங்கள் உள்ள டேப்லெட்டைத் திருப்பிக் கேட்டால் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஹாஸ்கின்ஸ் எழுந்து நின்று கைகுலுக்கினார். க்ரூபா கதவோரமாகக் கைகட்டி நின்றிருந்தார். கதவு சாத்தியிருந்தது. பழக்க தோஷம், ஒரு கணம் பாராட்டப் போகிறார்கள் என்றே நினைத்துவிட்டேன்.

"சனிக்கிழமை நீங்க செஞ்சதப் பாத்தேன்," என்றார் ஹாஸ்கின்ஸ். "நாலு தடவ பாத்தேன். அதனாலதான் நேர்ல பேசணும்னு கூப்பிட்டேன்."

சுவரில் இருந்த திரையில் படத்தை ஓட்டினார். நான் ஓடுகிறேன், கை நீட்டுகிறேன், மறைந்துபோகிறேன், டேக்கிள் விழுகிறான். படத்தை நிறுத்தி ஒரு குச்சியால் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் காலப் பாருங்க. புல்லு பேந்து வருது. வழுக்கிட்டான். நீங்க நல்லா ஓடுனீங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா உங்க மூணு வருஷப் படத்துல இப்படி ஒண்ணு எங்கயாவது இருக்கான்னு தேடினேன். இல்ல. ஒரு தடவ நடந்தா அது அதிர்ஷ்டம், மிஸ்டர் டேட். அத வச்சு நான் ஒரு இடம் குடுக்க முடியாது."

"சார், அவன் மொதல்ல..." என்று தொடங்கி நிறுத்தினேன். நானே சொல்வது எனக்கே கேவலமாகப் பட்டது. வெளியேற்றப்படுகிற ஒவ்வொருவனும் இந்த அறையில் ஏதாவது சொல்லியிருப்பான். நான் க்ரூபாவைப் பார்த்தேன்.

க்ரூபாவின் பாடம் ஒன்றே ஒன்றுதான். முதல் நாள் வரும் எவனுக்கும் அதைத்தான் சொல்லுவார், கழிப்பறைக் கதவில்கூட எழுதி ஒட்டியிருக்கிறார். கையைப் பார், காலைப் பார்க்காதே. இந்த விளையாட்டில் கால் பொய் சொல்லும், கை சொல்லாது. அந்தப் படத்தில் டேக்கிளின் கை காற்றைப் பிடித்தது எந்த விநாடியில் என்று கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்லுவார். மூன்றே வார்த்தை போதும். கையைப் பாருங்க சார், அவ்வளவுதான்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க, வெண்டெல்?" என்று கேட்டார் ஹாஸ்கின்ஸ்.

க்ரூபா திரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"வழுக்கிட்டான்தான்," என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் அந்த மனிதர். அதுவும் பூசணிக்காயின் முன்னாலேயே.

வண்டி நிறுத்துமிடத்தில் அவரை மறித்தேன். அவருடைய பழைய பிக்கப் வண்டியின் கதவில் என் கை இருந்தது. எடுக்கச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

"நீங்க கையைப் பாத்தீங்க."

"பாத்தேன்."

"அப்புறம் ஏன்?"

"உள்ளதச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" என்றார். "பட்டியல்ல வச்சிருப்பார்ங்கிறியா? அந்த ஆளு விலை கேட்டிருப்பார். சாயங்காலத்துக்குள்ள உன்ன வேற எவன்கிட்டயாவது தள்ளிவிட்டுட்டு அடுத்த வருஷத்துக்கு ஒரு பொடியன வாங்கியிருப்பார். எனக்கு டிசம்பர்ல நீ வேணும், கோர்லிஸ்."

"எனக்கு நான் செப்டம்பர்ல வேணும், கோச். வேற எந்த டீமா இருந்தா என்ன? அங்க ஆடியிருப்பேன்ல?"

 வயதான முகம், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அடிக்க வேண்டும் போலிருந்தது. அதைவிட மோசம், உலகத்திலேயே என் மதிப்பு தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. கதவிலிருந்து கையை எடுத்தேன்.

நெடுஞ்சாலை ஓரத்து வார வாடகை விடுதியில் தங்கியிருந்தேன். விளிம்பில் இருக்கும் ஆட்டக்காரர்கள் எல்லாரும் அங்கேதான். புதன்கிழமை காலை ஏழு மணியிலிருந்து கைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு அணிகள். முப்பத்தொன்றில் ஒருவனாவது கையைப் பார்த்திருக்கமாட்டானா? எவனாவது ஒருவன், மேனேஜர்கூட வேண்டாம், படம் வெட்டி ஒட்டும் பையன் ஒருவன், காலை விட்டுவிட்டுக் கையைப் பார்த்திருக்கக்கூடாதா?

பத்து மணிக்குப் பக்கத்து அறைக் கதவு திறந்தது. யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போனான். பதினொன்றரைக்குத் துப்புரவுப் பெண் கதவைத் தட்டி, "விரிப்பு மாத்தவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பன்னிரண்டு அடித்தது. கைபேசி அசையவில்லை. நான் ஒருவன் ஒளிந்துகொண்டேன், எல்லாரும் சேர்ந்து விளையாட்டை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பன்னிரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு அடித்தது. க்ரூபா.

"யாரும் எடுக்கல," என்றார். குரலில் இருந்த மகிழ்ச்சியை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. "உனக்குப் பயிற்சிக் குழுல இடம் வாங்கிட்டேன். நாளைக்குக் காலைல வந்துரு. அக்டோபர்ல..."

"அந்த வார்த்தையச் சொல்லாதீங்க, கோச்."

"சரி. சொல்லல. வர்றியா?"

வருகிறேன் என்று நான் சொன்னதை நானே கேட்டேன்.

ஆர்லீனைக் கூப்பிட்டபோது அவள் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சொன்னேன். தண்ணீர் நின்றது.

"நீ பெட்டியக் கட்டிருப்பேன்னு நினைச்சேன்," என்றாள்.

"இந்த ஒரு தடவ, ஆர்லீன். அவங்கள்ல ஒருத்தனுக்கு அடிபட்டா போதும்."

"அடுத்தவனுக்கு எப்ப அடிபடும்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளா நீ?" அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். "அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். வேலைய வேற ஆளுக்குக் குடுக்கட்டும்."

"கோபமா?"

"கோபம் போன வருஷமே முடிஞ்சுபோச்சு," என்றாள். மறுபடி தண்ணீர்ச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அடுத்த புதன்கிழமை, முதல் ஆட்டத்துக்கான பயிற்சி. வெளியே காற்று பலமாக இருந்ததால் கூடாரத்துக்குள் வைத்தார்கள். கீழே செயற்கைப் புல், எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. க்ரூபா என்னிடம் சிவப்பு மேல்பனியனை நீட்டினார். எண் ஐம்பத்தேழு. அந்த வாரத்து எதிரணியின் நட்சத்திரம், போன வருடம் பதினாறு தடவை குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தவன்.

"இவன் என்ன செய்வான்?" என்று கேட்டேன்.

க்ரூபா சூயிங்கத்தை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "கையக் காட்டிட்டுக் குனிவான்," என்றார். "உன்ன மாதிரிதான். போன வருஷக் கடைசில கத்துக்கிட்டான்."

பனியனை மாட்டிக்கொண்டேன். எதிரே எங்கள் அணியின் முதல் டேக்கிள், இந்த வேலையில் ஒன்பது வருடம் பழுத்தவன். பந்து நகர்ந்தது. மூன்று எட்டு, ஒரு கை. அவன் இரண்டு கைகளையும் எறிந்தான். நான் கீழே போனேன். பின்னால் அவன் குப்புற விழும் சத்தம் கேட்டது. குவார்ட்டர்பேக்கின் இடுப்பை மெதுவாகத் தொட்டுவிட்டு நின்றேன். பயிற்சியில் சாய்க்கக்கூடாது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஹாஸ்கின்ஸ் நின்றிருந்தார். கையில் குறிப்பேடு. இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"வழுக்கிட்டானா?" என்று க்ரூபாவிடம் கேட்டார்.

 காய்ந்த தரை. வழுக்க இடமே இல்லை. க்ரூபா அவரைப் பார்த்தார், பிறகு விழுந்து கிடந்த டேக்கிளைப் பார்த்தார்.

"இல்ல சார், வழுக்கல," என்றார். "காலப் பாக்காதீங்க, கையைப் பாருங்க. கை மொதல்ல ஏமாறுது, அப்புறந்தான் ஆள் விழுறான். ஐம்பத்தேழோட வித்தை அதுதான். இதப் பழகலைன்னா ஞாயித்துக்கிழமை நம்ம குவார்ட்டர்பேக் ஆஸ்பத்திரிலதான்."

ஹாஸ்கின்ஸ் தலையாட்டினார். ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு என்னை, என் மார்பிலிருந்த எண்ணை, ரசித்துப் பார்த்தார்.

"அச்சு அசலா அவன மாதிரியே இருக்கு. யாரு, நம்ம டேட்தானே?" என்றார். "இப்படிக் காட்ட ஒருத்தன் கிடைக்கிறது கஷ்டம், வெண்டெல். வாரா வாரம் நமக்கு வேணும். இவர இந்த இடத்த விட்டு நகத்தாதீங்க. வருஷம் முழுக்க இங்கேயே இருக்கட்டும்."

க்ரூபாவின் வாய் திறந்தது. அக்டோபர், டிசம்பர், அவர் சேர்த்து வைத்த கையிருப்பு எல்லாம் அந்த வாய்க்குள் வந்து நின்றதை நான் பார்த்தேன். இப்போது உண்மையைச் சொன்னால் அன்று பொய் சொன்னார் என்று ஆகும். அவர் போட்ட சாக்குக்குள் அவரும் நுழைந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. ஆனால் உள்ளே இருந்தவன் நான்தான்.

"சரி, சார்," என்றார் க்ரூபா.

கெலி பக்கவாட்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.  விழுந்த டேக்கிள் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, தன் இடத்துக்குப் போய் நின்றான். "மறுபடியும் வா," என்றான் என்னிடம். "இந்தத் தடவ கையைப் பாக்குறேன்."

க்ரூபா விசிலை வாயில் வைத்தார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"ஐம்பத்தேழு, மறுபடியும்."

கோட்டுக்குத் திரும்பிப் போய்க் கைமுட்டியைத் தரையில் ஊன்றினேன்.